அம்மா மாத்திரையை அரிசி டிரம்மில் ஒளித்துவைத்த கதை

சர்க்கரைக்கு மாத்திரை வாங்குவதில் எங்களுக்குச் சிரமமே இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேர் பதிந்து, நோட்டு போட்டு, மாதாமாதம் வாங்கிக்கொண்டிருந்தோம். அம்மாவை அதை விழுங்கவைக்கத்தான் படாத பாடு பட்டோம்.

ஒருநாள் வெறும் வயிற்றுச் சர்க்கரை 260 இருந்தது. வரிசையில் எங்கள் தெருப் பெண்கள் நிற்கும்போதே நர்ஸ் சத்தம் போட்டார்: "மூணு வேளையும் களியைத் தின்னா எப்படிக் குறையும்? காலை எடுத்தாத்தான் புத்தி வரும்!" அதோடு அம்மா அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். கேட்டால் "போயிட்டு வந்துட்டேன்" என்பார். வற்புறுத்தி அனுப்பிய ஒருமுறை, நோட்டு இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நூறு நாள் வேலைக் கூலி போனதுதான் மிச்சம். (நோட்டின் கடைசிப் பக்கத்தை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.)

பிறகு ஒருநாள் அரிசி டிரம்மில் பிரிக்காத அட்டைகள் கிடைத்தன. காரணம் கேட்டபோது மனசு உடைந்துபோனது. "தங்கச்சிக்கு வரன் பாக்குற நேரம் கண்ணு. ஆத்தாளுக்குச் சுகர்னா பொண்ணுக்கும் வரும்னு பேசுவாங்க." விசேஷ வீடுகளில் யாரும் சந்தேகப்படக் கூடாது என்றே கேசரியை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீட்டுக்கே மாத்திரை வரும், நல்ல திட்டம். ஆனால் அந்தப் பையோடு தன்னார்வலர் வாசலில் நின்றால் தெருவுக்கே தெரியும், அம்மா உள்ளே போய்விடுவார். தன்னார்வலரிடம் விஷயத்தைச் சொன்னேன். "சாயங்காலம் எங்க வீட்டுக்கு வந்து வாங்கிக்கச் சொல்லுங்கண்ணா" என்றார். அத்தனை நாள் இழுபறி அந்த ஒரு வார்த்தையில் தீர்ந்தது. உங்கள் ஊரிலும் கேட்டுப் பாருங்கள்.

மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. விடியற்காலையில் ஒன்றும் சாப்பிடாமல் மெட்ஃபார்மினைப் போட்டுக்கொண்டு வேலைக்கு ஓடியிருக்கிறார். சாப்பாட்டோடு போட வேண்டும் என்று யாருமே சொல்லவில்லை. புதிதாக வந்த இளம் டாக்டர் ஒருவர் அம்மாவை உட்காரவைத்து, வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிடுவது, எத்தனை மணிக்கு என்றெல்லாம் கேட்டார். களியை நிறுத்தச் சொல்லவில்லை. கேழ்வரகு என்றாலும் அளவு முக்கியம், உருண்டையைப் பாதியாக்கிக் கீரைக் கடைசலைக் கூட்டுங்கள் என்றார். அம்மா சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

நடைப்பயிற்சிதான் பாக்கி. வேலையில்லாமல் ரோட்டில் நடக்கிறாள் என்று ஊர் பேசும். அத்தைக்கும் சுகர் இருப்பதால் இரண்டு பேரும் தூரத்துப் பால் சொசைட்டிக்குத் தூக்கோடு நடக்கத் தொடங்கினார்கள். கையில் தூக்கு இருந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை.

மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 10.2-லிருந்து 8.1-க்கு வந்திருக்கிறது. ஏழுக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்து கண் பரிசோதனைக்குப் பெரியாஸ்பத்திரி போக வேண்டும். அத்தையும் வருகிறார்.