கூகுள் மேப்ஸை யாரும் பரிந்துரைக்க வேண்டியதில்லை

பால் ராடமாக்கர் என்ற நிரலாளர் 2005-இல் உருவாக்கிய ஹவுசிங்மேப்ஸ் தளம், கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற விளம்பரத் தளத்தில் வந்த வாடகை வீட்டு விளம்பரங்களைக் கூகுள் மேப்ஸின் மீது புள்ளிகளாகப் பதித்துக் காட்டியது. வரைபடத்துக்கான ஏபிஐயை, அதாவது பிற நிரல்கள் ஒரு சேவையை அழைத்துப் பயன்படுத்த உதவும் இடைமுகத்தை, கூகுள் அவ்வாண்டு ஜூன் மாதம்தான் வெளியிட்டது. அவர் அதற்கு முன்பே அந்த இணைப்பைச் சாதித்துவிட்டார். இப்படிப் பல சேவைகளைக் கலந்து செய்யும் செயலிகளுக்கு மேஷப் என்ற பெயர் நிலைத்தது. எந்த மேஷப் எந்த ஏபிஐகளைப் பயன்படுத்துகிறது என்பதைப் பதிந்துவைக்கும் புரோகிராமபிள்வெப் என்ற அடைவும் அதே ஆண்டில் தொடங்கியது. ஒரு செயலிக்கு எந்தச் சேவை ஏற்றது என்று முன்மொழியும் சேவைப் பரிந்துரை குறித்த ஆய்வுகள் பலவற்றுக்கும் அந்த அடைவே தரவுக் களமாக அமைந்தது.

அத்தகைய பதிவை வலைப்பின்னலாக வரைவது எளிது. ஒரு பக்கம் மேஷப்கள், மறுபக்கம் ஏபிஐகள். பயன்படுத்தும் இடத்தில் ஒரு கோடு. பிறகு மேஷப்களை நீக்கிவிட்டு, ஒரே மேஷப்பில் சேர்ந்து வந்த ஏபிஐகளை நேரடியாக இணைத்தால் சேவைகளுக்கிடையிலான வலைப்பின்னல் கிடைக்கிறது. அதில் கூகுள் மேப்ஸ், ட்விட்டர், யூடியூப் போன்ற சில கணுக்களே (கோடுகள் சேரும் புள்ளிகளே) பெரும்பாலான கோடுகளை இழுத்துக்கொள்கின்றன. மற்றவை ஓரிரு கோடுகளோடு ஓரத்தில் கிடக்கின்றன. ஏற்கெனவே இணைப்பு மிகுந்த கணுவையே புதிதாக வருபவை நாடும் என்று வலைப்பின்னல் ஆய்வாளர்களான பராபாசியும் ஆல்பர்ட்டும் 1999-இல் விளக்கிய போக்குக்கு இது பொருத்தமான எடுத்துக்காட்டு.

சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. சேர்ந்து வந்த எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் நிரல், யார் எதைக் கேட்டாலும் கூகுள் மேப்ஸையே முன்மொழியும். கத்திரிக்காய்க் குழம்பில் வேறென்ன சேர்க்கலாம் என்று கேட்டவரிடம் உப்பு என்று சொல்வதைப் போன்றது அது: தவறில்லை, பயனும் இல்லை. ஆனாலும் சோதனைத் தரவில் இத்தகைய நிரலுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்துவிடும் என்பதால், துல்லியக் கணக்கை மட்டும் காட்டும் கட்டுரைகளை நான் சற்றுச் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

இதற்கு ஆய்வாளர்கள் அடாமிக்கும் அடாரும் 2003-இல் முன்வைத்த அளவீடு இன்றும் நன்றாகவே உதவுகிறது. இதுவரை சேராத இரண்டு சேவைகளுக்குப் பொதுவான அண்டைக் கணு ஒன்று இருந்தால், அந்தக் கணுவுக்குள்ள இணைப்புகளின் எண்ணிக்கைக்கு இயல்மடக்கை கண்டு, ஒன்றை அதனால் வகுத்து வருவதை மதிப்பாகக் கொள்ள வேண்டும். ஐந்நூறு இணைப்புகள் கொண்ட வரைபடச் சேவை பொதுவாக இருந்தால் கிடைப்பது ஏறத்தாழ 0.16, மூன்றே இணைப்புகள் கொண்ட பறவைப் பதிவுச் சேவை ஒன்று பொதுவாக இருந்தால் 0.91. எல்லோரோடும் பழகும் கணுவின் சாட்சியம் மலிவு, அரிதாகப் பழகுவதன் சாட்சியம் கனம் என்பதே அதன் பொருள்.

எனினும், சேர்ந்து வந்தவை என்பதும் சேரக்கூடியவை என்பதும் ஒன்றல்ல. வாடகை வீட்டு விளம்பரத்தில் இருப்பது தெருப்பெயரும் கதவு எண்ணும். வரைபடத்தில் புள்ளி வைக்கத் தேவைப்படுவதோ அட்சரேகையும் தீர்க்கரேகையும். முகவரியை ஆயத்தொலைவாக மாற்றும் சேவை ஒன்று இடையில் வந்தாக வேண்டும். ஆகவே, ஒரு சேவையின் வெளியீடு இன்னொன்றின் உள்ளீடாகப் பொருந்துமா என்பதைக் காட்டும் திசையுள்ள வலைப்பின்னல் தனியாகத் தேவை. அதில் சேவைகளைக் கோப்பது பாதை தேடும் கணக்காகிவிடுகிறது. விலையையும் தாமதத்தையும் கோடுகளின் எடையாக்கினால், பேருந்து வழித்தடம் தேடப் பயன்படும் டைக்ஸ்ட்ரா என்ற, மொத்த எடை குறைந்த பாதையைக் காணும் முறையே ஓரளவு போதும். முதல் வலைப்பின்னல் எதை விரும்புவார்கள் என்பதைச் சொல்கிறது, இரண்டாவது எது இயங்கும் என்பதைச் சொல்கிறது. எனவே இரண்டாவதில் பாதை இல்லாத எதையும் முன்னதாகவே வடிகட்டிவிட்டு, எஞ்சியவற்றை மட்டும் முதலாவதைக் கொண்டு வரிசைப்படுத்துவதே முறை என்பது என் கருத்து.

இவற்றோடு காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். மேஷப்களை உருவாக்க உதவிய யாஹூ பைப்ஸ் 2015-இல் மூடப்பட்டது. ட்விட்டர் தன் ஏபிஐயின் இலவச அணுக்கத்தை 2023-இல் சுருக்கியது. அதே ஆண்டில் புரோகிராமபிள்வெப்பும் மறைந்தது. பழைய தரவில் இப்படி மறைந்த, சுருங்கிய சேவைகளின் கோடுகள் இன்னும் தடிமனாகவே தெரிகின்றன. ஆகவே கோட்டின் எடை ஆண்டுக்காண்டு தேயுமாறு அமைப்பதோடு, அதே உள்ளீட்டையும் வெளியீட்டையும் கொண்ட மாற்றுச் சேவை ஒன்றையாவது ஒவ்வொரு பரிந்துரையுடனும் காட்டுவது நல்லது.