ரெண்டு ஜூஸுக்கு ஒரு ஆட்டுக்குட்டி

நியூஜெர்சியிலிருந்து பேத்தி போனில் பாடிக் காட்டினாள். பக்கத்து வீட்டு யூதர்கள் பஸ்கா பண்டிகை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்களாம். எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடந்த முன்னோர் விடுதலையானதைச் சொல்லி, பாடி, சாப்பிடும் ராத்திரி அது. அவர்கள் நாட்காட்டியில் நிசான் மாதப் பௌர்ணமியை ஒட்டி வரும். அங்கே இருப்பதிலேயே சின்னப் பிள்ளைதான் “இந்த ராத்திரிக்கு என்ன விசேஷம்?” என்று பாட்டாகக் கேட்க வேண்டும். நம் வீட்டில் பெரியவர்கள் பேசும்போது பிள்ளை வாயைத் திறந்தால் என்ன சொல்வோம் என்பது உங்களுக்கே தெரியும்.

கடைசியில் பாடுவது ‘ஹத் கத்யா’. அராமிய மொழிப் பாட்டு, 1590இல் பிராகில் அச்சான பஸ்கா புத்தகத்திலேயே இருக்கிறது. அப்பா ரெண்டு ‘ஜூஸ்’ (அந்தக் காலத்து வெள்ளிக் காசு) கொடுத்து ஆட்டுக்குட்டி வாங்குகிறார். பூனை குட்டியைத் தின்கிறது, நாய் பூனையைக் கடிக்கிறது, தடி நாயை அடிக்கிறது, நெருப்பு தடியை எரிக்கிறது... ஒவ்வொரு அடியிலும் பழையதையெல்லாம் திரும்பச் சொல்ல வேண்டும். பேத்தி நெருப்போடு நின்றுவிட்டாள். “அப்பாயி, இது பேரை மறந்த ஈ கதை மாதிரியே இருக்குல்ல?” என்றாள். அதேதான்! கொழு கொழு கன்றே, கன்றின் தாயே, தாயை மேய்க்கும் இடையா.

சரி, நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் என்ன என்று தோன்றியது. திருவையாற்றில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சனிக்கிழமை சாயங்காலம் பாட்டு கிளாஸுக்கு ஏழு பேர் வருகிறார்கள். பாட்டைத் தமிழில் மாற்றிக்கொண்டேன்.  ‘ஜூஸ்’ என்பதை மட்டும் அப்படியே விட்டது தப்பாகிவிட்டது. “மாம்பழ ஜூஸா டீச்சர்?” என்று ஒருவன் ஆரம்பிக்க, பத்து நிமிஷம் போய்விட்டது.

மெட்டு நானே போட்டேன். யூதர்களின் வழிபாட்டு இசையில் ‘அஹவா ரப்பா’ என்று ஒரு ஸ்வர வரிசை உண்டு. ஸ்வரங்களைப் பார்த்தால் நம் வகுளாபரணம் ராகம். என் பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் ஆரம்பப் பாடத்து ராகமான மாயாமாளவகௌளைதான். அதில் மேல் ‘நி’யான காகலி நிஷாதத்தை எடுத்துவிட்டுக் கீழ் ‘நி’யான கைசிகியை வைத்தால் முடிந்தது. சொல்வது சுலபம், சரளி வரிசை பாடிப் பழகிய தொண்டை ‘நி’ வந்ததும் பழக்கதோஷத்தில் மேலே ஏறிவிடுகிறது. அந்த ஒரு ஸ்வரத்துக்கே ரெண்டு வாரம் ஆனது.

தாளம்தான் எனக்கே ஆச்சரியம். அடி நீள நீள எல்லாரும் ஓடுகிறார்கள். காளை தண்ணீரைக் குடிக்கும் இடத்துக்கு வரும்போது கை ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். ஒரு பையன் “நெருப்...” என்று மூச்சு வாங்கிவிட்டு “...பை” என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் தடவை ஒரு பெண் குழந்தை, “மொதல்லயே மெதுவா எடுக்கலாம் டீச்சர், அப்பத்தான் கடேசி வரைக்கும் மூச்சு வரும்” என்றாள். முப்பது வருஷமாகக் காலப்பிரமாணம், காலப்பிரமாணம் என்று நான் கத்தியது இதைத்தான்.

போன வாரம் முழுசாகப் பாடி முடித்தார்கள். கசாப்புக்காரன் காளையை வெட்ட, எமதூதன் அவனைக் கொல்ல, கடைசியில் கடவுள் வந்து எமதூதனையே முடிக்கிறார். ஜூஸ் பையன் விடவில்லை.

“அப்ப ஆட்டுக்குட்டி திரும்பி வந்துடுமா?”

“பாட்டில் அது இல்லையேடா.”

“அப்ப அப்பா இன்னொண்ணு வாங்கணும்” என்றான்.