சாக வேண்டிய நேரத்தில் சாகும் என்சைம்

வேதிவினையை முடுக்கிவிடும் புரதமான என்சைமை விற்க வருகிறவர்களிடம் எங்கள் டையிங் மாஸ்டர் முதலில் கேட்பது, "ஏனுங்க, இது எத்தன டிகிரியில சாவுமுங்க?" என்றுதான். சாவது என்றால் சூட்டில் செயலிழப்பது. எவ்வளவு சூடானாலும் தாங்கும் என்று அவர்கள் ஆரம்பித்தால் முகம் மாறிவிடும். நுண்ணுயிரியல் படித்துவிட்டுத் திருப்பூர் சாயப்பட்டறை லேபுக்கு வந்த எனக்கு இது விசித்திரமாக இருந்தது. நான் படித்ததெல்லாம் சூடு தாங்கும் என்சைமின் புகழைத்தான்.

அந்தப் புகழ் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் எரிமலைப் பகுதியில் தொடங்கியது. அங்குள்ள வெந்நீர் ஊற்று ஒன்றில் 1966-ல் எடுத்த மாதிரியிலிருந்து தாமஸ் பிராக்கும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்து வளர்த்தார்கள். 70 டிகிரியில் செழிக்கும் அதற்கு 1969-ல் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பெயரிட்டார்கள். டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் முறையைக் கேரி முல்லிஸ் 1983-ல் யோசித்தபோது, ஒவ்வொரு சுற்றிலும் 95 டிகிரி வரை சூடாக்க வேண்டியிருந்தது. முதலில் பயன்படுத்திய, ஈ. கோலை பாக்டீரியாவின் என்சைம் சுற்றுக்கு ஒருமுறை செத்தது. ஆள் பக்கத்திலேயே நின்று திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டும். தெர்மஸின் டாக் பாலிமரேஸ் என்ற, டிஎன்ஏவைக் கட்டும் என்சைம் வந்ததும் ஒருமுறை ஊற்றினால் போதும் என்றாகிவிட்டது. கொரோனாவுக்கு மூக்கில் குச்சி விட்டுச் செய்த சோதனை வரை அதன் வழி வந்ததுதான்.

பட்டறைக் கணக்கு வேறு. சோமனூர், பல்லடம் விசைத்தறித் துணியில் பாவு நூல் அறாமலிருக்கக் கஞ்சி போட்டிருப்பார்கள். அதை எடுக்காமல் சாயம் சீராக ஏறாது. சூட்டில்தான் கஞ்சி நன்றாக இளகும், ஆகவே கஞ்சியை உடைக்கிற, 90 டிகிரியிலும் வேலை செய்யும் ஆல்ஃபா அமைலேஸ் என்சைம் நமக்கு வரம். ஆனால் அதைத் தரும் பேசில்லஸ் லைக்கனிஃபார்மிஸுக்கும் எரிமலைக்கும் சம்பந்தமில்லை. தோட்டத்து மண்ணில் கிடக்கிற பாக்டீரியா அது. வெந்நீர் ஊற்றுக்குப் போனால்தான் சூடு தாங்கும் என்சைம் கிடைக்கும் என்ற என் எண்ணம் அங்கேயே கலைந்தது. இன்னொரு வேடிக்கை: எல்லாரும் திட்டுகிற நம் போர்வெல் உப்புத் தண்ணீர் இதற்கு ஆகும். அதிலிருக்கும் கால்சியத்தால் அமைலேஸ் இன்னும் உறுதியாக நிற்கும். கடினத்தன்மையைப் போக்கும் கெமிக்கலை அதே பாத்தில், அதாவது துணி ஊறும் தண்ணீரில், கொட்டினால் கால்சியம் போய்விடும், என்சைமும் துவண்டுவிடும்.

பனியன் துணியில் கதை தலைகீழ். மேலே நிற்கும் பஞ்சுப் பிசிறை நீக்க, டிரைக்கோடெர்மா பூஞ்சை தரும், பருத்தி இழையை உடைக்கும் செல்லுலேஸ் என்சைமை 50, 55 டிகிரியில் ஓட்டுகிறோம். பிசிறு போனதும் பாத்தை 80-க்கு ஏற்றி என்சைமைக் கொன்றாக வேண்டும். சாகாவிட்டால் அது துணியையே தின்னத் தொடங்கும். எடை குறையும், வலுவும் போகும். மாஸ்டர் முகம் மாறியது இதற்குத்தான். இந்த பாத்தில் வெந்நீர் ஊற்றுக்காரன் யாரும் வேண்டாம் என்பதில் நானும் இப்போது அவர் கட்சி.

கேட்டலேஸ் விஷயத்தில்தான் எனக்கு அந்த ஊற்றின் மேல் ஆசை. பெராக்சைடில் வெளுத்த பாத் கிட்டத்தட்ட 95 டிகிரியில் இருக்கும். மிச்ச பெராக்சைடு சாயத்தைக் கெடுக்கும், அதை உடைக்க கேட்டலேஸ் போட வேண்டும். ஆனால் நாங்கள் வாங்குகிற சரக்கு 50 டிகிரி வாக்கில்தான் வேலை செய்யும், ஆகவே ஆறும் வரை மெஷினை வெறுமனே ஓட்டுகிறோம். யெல்லோஸ்டோனிலிருந்தே கிடைத்த தெர்மஸ் பிராக்கியானஸ் என்ற பாக்டீரியாவின் கேட்டலேஸ் 80 டிகிரியிலும் நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கும். வேலை முடிந்தும் உயிரோடிருந்தால்கூட இது பருத்தியைத் தொடாது, பெராக்சைடை மட்டுமே தேடும். மாஸ்டரிடம் சொன்னேன். சாகாவிட்டாலும் பரவாயில்லை என்று அவர் ஒத்துக்கொண்ட ஒரே என்சைம் இதுதான். கிலோ என்ன விலை என்று உடனே கேட்டார்.