பம்பு ஓடும் பத்து நிமிஷம்

தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில், பல்லைக் காவியாக்கும் ஃப்ளூரைடை அளக்கிற ஆராய்ச்சி மாணவருக்குச் சிறுகதை எழுதும் ஆசையும் சேர்ந்துவிட்டால், அவரைக் கைடாலும் காப்பாற்ற முடியாது, பத்திரிகை ஆசிரியராலும் முடியாது. கொஞ்சம் கைகொடுப்பது போர் மோட்டார் ஒன்றுதான்.

போர் தண்ணீரில் மாதிரி எடுக்கும்போது மோட்டாரைப் போட்டதும் பாட்டிலை நீட்டக் கூடாது. ஐந்திலிருந்து பத்து நிமிஷம் ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் அளப்பது பாறை இடுக்கிலிருந்து வரும் தண்ணீரை அல்ல, பைப்புக்குள் ராத்திரி தங்கிய தண்ணீரை. அந்தப் பத்து நிமிஷம் ஆராய்ச்சியாளருக்கு வேலை இல்லை. மோட்டார் போட்டுவிட்ட தோட்டக்காரருக்கும் இல்லை. அவர் பேச ஆரம்பிப்பார்.

“தண்ணி டெஸ்ட்டுக்கு வந்த தம்பியா? எங்க பையனுக்குப் பல்லெல்லாம் காவி ஏறிக் கெடக்கு. பொண்ணு கேட்டுப் போனா மொதல்ல வாயத்தான் பாக்கறாங்க” என்று தொடங்குவார். பாகப்பிரிவினையில் நிலம் அண்ணனுக்கும் போர் தம்பிக்கும் போன கதை வரும். தம்பி மோட்டார் ரூமுக்குப் பூட்டுப் போட்டது வரும். சாவி இப்போது யாரிடம் இருக்கிறது என்று சொல்ல வாயெடுக்கும்போது பத்து நிமிஷம் முடிந்து பாட்டிலும் நிரம்பியிருக்கும். ஆராய்ச்சிக்குத் தேவையானது கால் லிட்டர், கதைக்குத் தேவையானது அந்தச் சாவி. எதை விட்டுவிட்டு ஜீப்பில் ஏறுவது? ஒழுங்கான ஆள் இரண்டாவது பாட்டிலைக் கழுவத் தொடங்குவார். எடுக்கப்போகும் தண்ணீராலேயே பாட்டிலை மூன்று முறை கழுவ வேண்டும் என்பது விதி. நிதானமாகக் கழுவ வேண்டாம் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

கிளம்புவதற்கு முன் அந்த ஊருக்கு மும்முனை கரண்ட் எத்தனை மணிக்கு வரும் என்று போனில் கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்காமல் போனால் புளியமரத்தடியில் இரண்டு மணி நேரம். கதை நிறையக் கிடைக்கும், மாதிரி கிடைக்காது. முனைவர் பட்ட ஆலோசனைக் குழுவுக்கு முன்னால் கதையை நீட்ட முடியாது.

நோட்டு இரண்டு வேண்டும். இதில் சமரசமே கூடாது. ஒன்றில் தேதி, கிணற்று எண், ஜி.பி.எஸ்., போரின் ஆழம், பி.எச்., மின்கடத்துத்திறன். இன்னொன்றில் பூட்டும் சாவியும். ஒரே நோட்டில் எழுதினால் என்ன நடக்கும் என்றால், மின்கடத்துத்திறன் 1840 என்பதற்குப் பக்கத்தில் ‘அவள் கண் கலங்கவில்லை’ என்று இருக்கும். கைடு அதற்குச் சிவப்பு மையில் ‘அலகு எங்கே?’ என்று எழுதுவார். ஜெல் பேனா வேண்டாம். ஒரு சொட்டுத் தண்ணீரில் இரண்டு துறையும் கரைந்துபோகும். பென்சில் உத்தமம்.

சாவி கதையை அப்படியே எழுதலாமா என்றால், கூடாது. கள ஆய்வுப் படிவத்தில் ‘உங்கள் விவரம் வெளியே போகாது’ என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியது ஆய்வுக் கட்டுரைக்கு மட்டுமல்ல. பெயரை மாற்றினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இந்த மாவட்டத்தின் டீக்கடைகளைத் தெரியாது. ‘அள்ளி’ என்று முடிகிற ஒரு ஊர், பூட்டிய மோட்டார் ரூம், காவிப்பல் மாப்பிள்ளை. இவ்வளவு போதும், இரண்டாவது டீக்குள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அடுத்த சீசனில் அதே போருக்கு மறுபடி மாதிரி எடுக்கப் போக வேண்டும் என்பது ஞாபகம் இருக்கட்டும். பாலக்கோட்டை ஊத்தங்கரை ஆக்கலாம், அண்ணன் தம்பியை மாமன் மச்சான் ஆக்கலாம், போரை மாந்தோப்பு ஆக்கலாம். சண்டையை மட்டும் தொடக் கூடாது.

இனி லேப். ஃப்ளூரைடு மாதிரியைக் கண்ணாடி பாட்டிலில் வைக்கக் கூடாது, ஃப்ளூரைடு கண்ணாடியோடு வினை புரியும். பிளாஸ்டிக் பாட்டிலில் 28 நாள் வரை தாங்கும். அளவிடும் பொருள்களிலேயே எழுத்தாளருக்கு ஆதரவானது இதுதான். நைட்ரேட் அப்படியல்ல, குளிர்பதனத்தில் வைத்தாலும் 48 மணி நேரத்துக்குள் அளந்தாக வேண்டும். சிறுகதைப் போட்டிக்குக் கடைசித் தேதி வெள்ளிக்கிழமை என்றால் புதன்கிழமை நைட்ரேட் மாதிரி எடுக்கப் போகாதீர்கள். இது சின்ன விஷயம்போலத் தெரியும். பாதிப் பேரின் போட்டிக் கதை முடிவில் திடீரென்று எல்லோரும் செத்துப்போவது இதனால்தான்.

ஃப்ளூரைடை மில்லிவோல்ட்டாகக் காட்டும் எலக்ட்ரோடு முறையில் மாதிரி 10 மில்லி, டிசாப் என்ற கரைசல் 10 மில்லி. டிசாப் எதற்கென்றால், இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்திருக்கும் ஃப்ளூரைடை அது விடுவிக்கும், பி.எச்.சை 5க்கும் 5.5க்கும் நடுவில் நிறுத்தும். முதலில் லிட்டருக்கு 0.1, 1, 10 மில்லிகிராம் கரைசல்களை வைத்து அளவுகோலைச் சரிபார்க்க வேண்டும். பத்து மடங்கு ஏறினால் மில்லிவோல்ட் சுமார் 59 இறங்க வேண்டும், 25 டிகிரியில். அந்த இறக்கம் 50க்கும் கீழே போனால் எலக்ட்ரோடு சோர்ந்துவிட்டது என்று அர்த்தம். எழுதுகிறவருக்கு இப்படி ஒரு சோதனை இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

ஒரு மாதிரி நிலைகொள்ள மூன்று நான்கு நிமிஷம் ஆகும். ஃப்ளூரைடு குறைவாக இருந்தால் இன்னும் கூட. நாற்பது மாதிரி என்றால் நாற்பது துண்டு நேரம். ‘மொத்தம் இரண்டரை மணி நேரம் கிடைக்கிறதே, ஒரு காட்சியை எழுதிவிடலாம்’ என்று கணக்குப் போடுகிறவர் ஏமாறுவார். நாலு நிமிஷத்தில் காட்சி வராது. ஒரு வசனத்தைத் திருத்தலாம், ஒரு பெயரை மாற்றலாம், ஒரு பத்தியை வெட்டலாம். திருத்த வேலையை இங்கே தள்ளிவிட்டு, முதல் வரைவைக் காலை ஐந்து மணிக்கோ தருமபுரி–சேலம் பஸ்ஸிலோ வைத்துக்கொள்வது நடக்கிற காரியம். பஸ்ஸில் போனிடம் வாயால் சொல்லி எழுத வைக்கலாம். ஆனால் கொலை செய்கிற காட்சியைத் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் சொல்லாதீர்கள், பக்கத்து சீட்காரர் ஏற்கெனவே பயத்தில்தான் இருப்பார்.

எதையுமே எழுதக் கூடாத நேரம் ஒன்று உண்டு: தண்ணீரின் கடினத்தன்மை பார்க்க இ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடும் டைட்ரேஷன். திராட்சைச் சிவப்பு நீலமாகிற ஒரு சொட்டுத்தான் விடை. கதாநாயகி வீட்டை விட்டுப் போவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே குழாயைத் திறந்து வைத்தால், அவள் முடிவெடுப்பதற்குள் குடுவை நீலமாகி ரொம்ப நேரம் ஆகியிருக்கும். மறுபடி முதலிலிருந்து.

காலண்டர் தனி வில்லன். மழைக்குப் பிந்தைய மாதிரி ஜனவரியில் எடுக்க வேண்டும். அதே ஜனவரியில் பொங்கலும் சென்னைப் புத்தகக் காட்சியும். தொகுப்பு கொண்டுவர ஆசைப்படுகிறவர் கையெழுத்துப் பிரதியை முந்தைய ஆடியிலேயே கொடுத்துவிட்டால் பிழைத்தார். மழைக்கு முந்தைய மாதிரி மே மாதம். அப்போது போருக்குப் போகிற வழியெல்லாம் மாம்பழ லோடு. நிதானமாகச் செய்யலாமே என்றால், 2022 யு.ஜி.சி. விதிப்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஆறு. நாவலுக்கு உச்சவரம்பு கிடையாது என்பதால் இரண்டில் எது தள்ளிப்போகும் என்று சொல்லத் தேவையில்லை.

மொழி ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒட்டும். கதையில் ‘அவன் அழுதது கண்டறியப்பட்டது’ என்று வரும். ஆய்வேட்டில் ‘பாவப்பட்ட கிணறுகள்’ என்று வரும். ஒன்றை முடித்து மற்றதைத் தொடுமுன் நடுவில் கால் மணி நேரம் வேறு வேலை செய்தால் குறையும். மாதிரி பாட்டில் கழுவுவது அதற்கு வாகானது, எப்போதும் பாக்கி இருக்கும்.

கதை அனுப்பும்போது யூனிகோடில் அனுப்புங்கள், பழைய எழுத்துருவில் போனால் அந்தப் பக்கம் கட்டம் கட்டமாகத் திறக்கும். ஆய்விதழ் மறுத்தால் காரணத்தோடு இரண்டு பக்கம் எழுதும். பத்திரிகையிலிருந்து பெரும்பாலும் ஒன்றுமே வராது. ஆகவே கதையின் பெயர், அனுப்பிய இடம், தேதி என்று ஒரு பட்டியல் வேண்டும். மூன்று மாதம் கழித்து ஒரு வரி விசாரித்துவிட்டு அடுத்த இடத்துக்கு அனுப்பலாம். ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பக் கூடாது என்பது இரண்டு உலகத்துக்கும் பொது.

புனைபெயர் வைக்கிறவர்கள் பலர், கைடு கண்ணில் படாமலிருக்க. சொந்த ஊரை முன்னால் ஒட்டிக்கொண்டால் அதனால் ஒரு பயனும் இல்லை. இன்னொரு சிக்கல் கதை வெளியான பிறகுதான் தெரியும். சன்மானக் காசோலை புனைபெயருக்கு எழுதி வரும், வங்கிக் கணக்கு நிஜப் பெயரில் இருக்கும். கவுண்டரில் உள்ளவர் ‘இவர் யாருங்க?’ என்பார். கதையோடு கணக்கு விவரத்தையும் கணக்கில் உள்ள பெயரையும் தனியாக எழுதி அனுப்பினால் இந்த விசாரணை மிச்சம்.