வெனிஸில் ஒரு மரக்காரன்

வெனிஸ் போய் வந்தேன் என்றதும் எல்லோரும் கொண்டோலாப் படகைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஏறினாயா, எவ்வளவு வாங்கினான், பாட்டுப் பாடினானா? நான் பதில் சொல்ல ஆரம்பித்தால் பேச்சு மரத்துக்குப் போய்விடுகிறது என்று வீட்டில் புகார். என்ன செய்ய, நான் மரம் அளந்து பிழைத்தவன். பர்மாவில் மோல்மேன் என்ற ஊரில் ஒரு மரமில்லில் இளவயதில் டேப் பிடிக்கச் சேர்ந்தேன். ரங்கூனுக்குக் குடிவந்த பிறகும் அதே வேலைதான். அந்தக் கண்ணோடு போனதால் அந்த ஊர் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது.

மகள் மியூனிக்கில் இருக்கிறாள். 2024 ஏப்ரலில், திஞ்ஜான் என்ற பர்மியப் புத்தாண்டின் தண்ணீர் விளையாட்டெல்லாம் ஓய்ந்த பிறகு நான் மட்டும் கிளம்பினேன். மனைவிக்கு முழங்கால் வலி. வெனிஸில் நானூறு பாலத்துக்கு மேல் இருக்கு, எல்லாமே படிக்கட்டு என்று மகள் சொன்னதுமே, "நீங்க போயிட்டு வாங்க, நான் போட்டோ பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். விசா வாங்கின கதை தனிப் பதிவாகிவிடும், விடுவோம்.

மியூனிக்கிலிருந்து ரயில் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து தெற்கே இறங்குகிறது. மேலே பனி கிடக்கிறது, கீழே வந்தால் திராட்சைக் கொடியில் துளிர். மெஸ்த்ரே என்ற கரையூரைத் தாண்டியதும் ரயில் தண்ணீர்மேல் ஓடுகிறது. இந்த ரயில் பாலம் 1846இல் திறந்தது. அதுவரை வெனிஸுக்குப் படகில்தான் போயாக வேண்டும். மகள் கோபுரங்களைக் காட்டிக்கொண்டு வந்தாள். நான் பார்த்தது காயலில் நட்டிருந்த முளைக் கம்பங்களை. ஓக் மரத்தை மூன்று மூன்றாகச் சேர்த்துக் கட்டி, படகு போகும் ஆழமான தடத்துக்கு அடையாளமாக வரிசையாக நட்டிருக்கிறார்கள். பிரிக்கோலா என்று பெயர். பாதிக்கு மேல் தண்ணீர் மட்டத்தில் இடுப்பு சிறுத்திருந்தன. மேலே நல்ல கட்டை, கீழேயும் நல்ல கட்டை, நடுவில் மட்டும் அரிப்பு.

மரம் தண்ணீரில் அழுகும் என்பார்கள். அது பாதி உண்மைதான். தண்ணீரும் காற்றும் மாறி மாறிப் படுகிற இடத்தில்தான் மரம் சாகும். ஓதம் ஏறி இறங்கும் அந்த இரண்டடி உயரத்தில் பூஞ்சையும் பிடிக்கும், உப்புத் தண்ணீரில் கப்பற்புழுவும் துளைக்கும். எங்கள் மோல்மேன் துறைக் கால்களும் அந்த இடத்தில்தான் போகும்.

அப்படியானால் ஊர் எப்படி நிற்கிறது? வீடுகளின் கீழே அடித்த முளைகள் சேற்றுக்குள் முழுதாகப் புதைந்திருக்கின்றன. அங்கே காற்று போவதில்லை. நூற்றுக்கு மேற்பட்ட சிறு தீவுகள், எல்லாம் சதுப்பு. அதில் லார்ச், ஓக், ஆல்டர், எல்ம் என்று கிடைத்த மரத்தைக் கூராக்கி அடித்தார்கள். பந்தலுக்குக் கால் நட்ட மாதிரி இடம் விட்டு அல்ல, தீப்பெட்டிக்குள் குச்சி அடுக்கின மாதிரி நெருக்கி. அந்த நெருக்கத்தில் சேறும் இறுகிப்போகும். முளைத் தலைகளை ஒரே மட்டத்துக்கு வெட்டி, மேலே பலகை பரப்பி, அதன்மேல் இஸ்த்ரியாவிலிருந்து வந்த வெள்ளைக் கல், அதற்கு மேல் செங்கல். கல் தண்ணீரை மேலே ஏற விடாது, சேறு காற்றைக் கீழே விடாது. அடிக்கிறவர்கள் வட்டமாக நின்று பாட்டுப் பாடி, பாட்டின் தாளத்துக்குக் கனத்த கட்டையைத் தூக்கித் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். ஏலேலோ இல்லாமல் எந்த ஊரிலும் பாரம் நகராது போல.

சாந்தா மரியா தெல்லா சலூத்தே கோயில் அப்படி நிற்பதுதான். 1630இல் வந்த கொள்ளைநோய் நீங்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, 1631இல் தொடங்கி, 1687இல் முடித்த கோயில். அம்மனுக்கு நேர்ந்துகொள்கிற நமக்கு அது புரியாத விஷயமா? அடியில் பதினொரு லட்சத்துக்கு மேல் முளை என்று கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். சுற்றளவும் நீளமும் தெரிந்தால் எத்தனை டன் என்று சொல்லிவிடலாமே என்று நான் முணுமுணுத்தபோது மகள் என்னை விட்டுத் தள்ளி நின்றுகொண்டாள்.

பக்கத்தில் ஒரு வழிகாட்டி தன் கூட்டத்திடம், அடியில் இருக்கும் மரமெல்லாம் கல்லாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். மகள் மொழிபெயர்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. மரம் அவ்வளவு சுலபமாகக் கல்லாகாது. பாதுவா, வெனிஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இந்த முளைகளைத் தோண்டி எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். காற்றில்லாத இடத்திலும் வாழும் பாக்டீரியா மரத்தை மெல்ல அரிக்கத்தான் செய்கிறதாம். ஆனால் அரித்த இடத்தில் தண்ணீர் நிரம்பிவிடுவதால் உருவம் குலையாமல் நிற்கிறது. சேறு, தண்ணீர், மரம் மூன்றும் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. சான் மார்க்கோ மணிக்கூண்டு 1902 ஜூலை 14ஆம் தேதி இடிந்து விழுந்தது. அப்போதும் பழைய அஸ்திவாரத்தை வீசி எறியவில்லை. அதைச் சுற்றிப் புதிய லார்ச் முளைகளை அடித்து அகலப்படுத்தி, 1912இல் அதே இடத்தில் கூண்டை எழுப்பினார்கள்.

இத்தனை மரம் எங்கிருந்து வந்தது என்று அறியத்தான் எனக்கு ஆசை. ஊரின் தெற்குக் கரையில் சாத்தேரே என்று நீண்ட நடைபாதை இருக்கிறது. இன்று ஐஸ்கிரீம் தின்றுகொண்டு வெயில் காயும் இடம். அந்தக் காலத்தில் காதோரே மலை மரங்களைத் தெப்பமாகக் கட்டி, பியாவே ஆற்றில் மிதக்கவிட்டு, காயல் வழியாகக் கொண்டுவந்து இறக்கிய துறை அது. அங்கே ஒரு பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் சல்வீன் ஆற்றில் தேக்கு வந்ததும் இதே வழிதானே. ஒரு வித்தியாசம் உண்டு. பச்சைத் தேக்கு மிதக்காது, முங்கிவிடும். அதனால் நிற்கிற மரத்தைச் சுற்றிப் பட்டையோடு வளையமாக வெட்டிவிட்டு, மூன்று வருடம் நின்ற நிலையிலேயே காயவிட்டு, அப்புறம்தான் சாய்ப்பார்கள். லார்ச்சுக்கும் ஃபிர்ருக்கும் அந்தப் பொறுமை தேவையில்லை.

காட்டையும் அவர்கள் சும்மா விடவில்லை. மொந்தெல்லோ குன்றின் ஓக் மரங்களை 1471இல் அரசுக் கப்பல் பட்டறைக்கு என்று ஒதுக்கினார்கள். 1548இல் கான்சில்யோ காட்டின் பீச் மரங்களைத் துடுப்புக்கு என்று ஒதுக்கினார்கள். துடுப்புக்கு ஒரு காடு! எங்கள் பக்கமும் சட்டம் இல்லாமல் இல்லை. 1856இல் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர் பர்மாவின் பெகு தேக்குக் காட்டுக்கு அதிகாரியாக வந்து, எண்ணி வெட்டும் முறையைக் கொண்டுவந்தார். வெட்டின கட்டையை அப்படியே ஏற்றுமதி செய்வதை 2014இல் நிறுத்தினார்கள். நடுவில் நடந்ததைச் சொல்ல அறிக்கை எதுவும் வேண்டாம். டேப் பிடித்தவனைக் கேட்டால் போதும். நான் சேர்ந்தபோது ஒரு கட்டையை இருவர் கட்டிப்பிடித்தாலும் கை எட்டாது. நான் ஓய்வுபெறும்போது வந்தவற்றை ஒற்றைக் கையால் உருட்டிவிடலாம்.

சரி, மரத்தை விட்டு ஊருக்கு வருகிறேன். ஏப்ரல் நல்ல மாதம். காலையில் ஸ்வெட்டர், மத்தியானம் சட்டை. மதில் சுவர்களுக்கு மேலே விஸ்டீரியா என்ற ஊதாப்பூக் கொடி கொத்துக்கொத்தாகத் தொங்குகிறது. கூட்டமும் அப்படித்தான். ஏப்ரல் 25 அவர்களுக்கு சான் மார்க்கோ திருநாள், இத்தாலிக்கு விடுதலை நாளும் அதுவே. அன்று ஆண்கள் தங்கள் பெண்களுக்கு ஒரு சிவப்பு ரோஜா மொட்டு கொடுப்பது அந்த ஊர் வழக்கம். மகள் தனக்குத்தானே ஒன்று வாங்கிக்கொண்டாள். அந்த வருடம் அதே நாளில்தான், பகலில் வந்து போகிறவர்களிடம் ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். நாங்கள் மெஸ்த்ரேயில் தங்கியதால் கட்டணம் இல்லை. அதுவும் வெனிஸ் நகராட்சிக்குள்தான் வருகிறது. ஆனாலும் விலக்குக்குப் பதிவு செய்து கியூஆர் கோடு வைத்திருக்க வேண்டும். உள்ளூர்க்காரர்கள் ஊரை மியூசியம் ஆக்காதே என்று கோஷம் போட்டார்கள். எனக்கென்னவோ அவர்கள் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. ஐந்து யூரோவுக்குப் பயந்து யாரும் திரும்பிப் போனதாகத் தெரியவில்லை.

சாப்பாட்டில் எனக்குப் பிடித்தது பக்காலா. நார்வேயிலிருந்து வரும் காய்ந்த மீனை ஊறவைத்து, எண்ணெய் விட்டுக் கடைந்து, ரொட்டித் துண்டில் தடவித் தருகிறார்கள். நாப்பி என்ற பர்மிய மீன் விழுதின் வாசனையில் வளர்ந்தவனுக்குக் கருவாட்டை இப்படி வெண்ணெயாக்கியது வினோதமாக இருந்தாலும் இரண்டாம் தட்டு கேட்டேன். மத்தி மீனை வறுத்து வெங்காயம், வினிகர், உலர்திராட்சையில் ஊறவைத்ததும் நன்றாகவே இருந்தது. ஒரு கடையில் உட்கார்ந்ததற்கே தலைக்கு இவ்வளவு என்று பில்லில் போட்டிருந்தான். அதை எங்கள் ஊர்க் கியாட் பணத்தில் மாற்றிப் பார்க்கக் கூடாது. ரியால்தோ மீன் சந்தையில் சுவரில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். எந்த மீன் எத்தனை சென்டிமீட்டருக்குக் குறைந்தால் விற்கக் கூடாது என்று அதில் வரிசையாகச் செதுக்கியிருக்கிறது. அதற்கு நேராக நிற்கவைத்து என்னைப் போட்டோ எடுக்கச் சொன்னேன்.

சந்தைக்குப் பக்கத்தில் உள்ள ரியால்தோ பாலத்தை 1588இல் தொடங்கி 1591இல் கட்டி முடித்தார்கள். தொடங்குவதற்கு முந்தின வருடம்தான் இதே ஊரில் செசாரே ஃபெதெரிச்சி என்ற வியாபாரியின் பயணக் குறிப்பு அச்சாகி வந்தது. 1563இல் கிளம்பிப் பதினெட்டு வருடம் சுற்றியவர் அவர். 1569இல் எங்கள் பெகுவில் இருந்தார், பயின்னவுங் ராஜா காலம். மர்த்தபானுக்கும் பெகுவுக்கும் இடையே சுவர் மாதிரி எழுந்துவரும் ஓத அலையைக் கண்டு மிரண்டு எழுதியிருக்கிறார். மிரளாமல் என்ன செய்வார்? வெனிஸில் ஓதம் ஒரு மீட்டர் ஏறினாலே பெரிது. 110 சென்டிமீட்டர் வரும் என்று கணித்தால் காயலின் மூன்று வாயில்களிலும் 78 இரும்புக் கதவுகளைத் தூக்கிக் கடலை மறிக்கிறார்கள். 2020 முதல் அது வேலை செய்கிறது. ரங்கூன் ஆற்றில் பெரிய ஓதத்துக்கு ஐந்து மீட்டருக்கு மேல் ஏறும், நாங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வோம்.

ஃபெதெரிச்சி எழுதியதில் என்னைப் பிடித்து நிறுத்திய வரி வேறு. சாந்தோமிலிருந்து பெகுவுக்கு வருடந்தோறும் கப்பலில் துணி போகிறது, அதன் சிவப்பு நூலைச் 'சாயா' என்ற வேரில் தோய்க்கிறார்கள், அந்த நிறம் எத்தனை துவைத்தாலும் போகாது என்கிறார். நம்ம சாயவேர். அவருக்குப் பின்னால் வந்த கஸ்பாரோ பால்பி என்ற நகை வியாபாரி 1583இல் சாந்தோமிலேயே கப்பலேறிப் பெகுவுக்கு வந்து, ரங்கூனின் ஷ்வேடகோன் புத்த கோபுரத்தையும் பார்த்து எழுதினார். எங்கள் பாட்டன்மாரைப் பர்மாவுக்குக் கூலிக்கு வந்தவர்கள் என்று மட்டுமே இங்கே பலரும் நினைக்கிறார்கள், எங்கள் பிள்ளைகளும்தான். அதற்கும் முந்நூறு வருடம் முன்னாலேயே அந்தக் கடலில் தமிழ்த் துணி போய்க்கொண்டிருந்ததை ஒரு வெனிஸ்காரன் பார்த்து எழுதி வைத்திருக்கிறான்.

கொண்டோலாவில் அரைமணி நேரம் போக அப்போது 90 யூரோ. "அப்பா, ஏறாம வந்தா அம்மா என்னைத் திட்டுவாங்க" என்றாள் மகள். பெருங்கால்வாயைக் குறுக்கே கடக்க இரண்டு யூரோவுக்குத் த்ராகெத்தோ என்ற படகு இருக்கிறது. அதுவும் கொண்டோலா மாதிரிதான், முன்னும் பின்னும் இரண்டு பேர் நின்று துழாவுகிறார்கள். ரங்கூனில் பான்சோடான் துறையிலிருந்து அக்கரைத் தல்லாவுக்குச் சாம்பான் படகில் போய்ப் பழகியவனுக்கு அது போதும். அசல் கொண்டோலாவில் எட்டு வகை மரம் சேர்கிறது. ஓக், எல்ம், லைம், லார்ச், ஃபிர், செர்ரி, வால்நட், மஹோகனி. ஒரே ஆள் ஒரு பக்கமாகத் துழாவுவதால், படகு நேராகப் போக இடப்பக்கத்தை வலப்பக்கத்தைவிட 24 சென்டிமீட்டர் அகலமாகக் கட்டுகிறார்கள். தேக்குக்கு அதில் இடமில்லை.

துடுப்பைத் தாங்கும் வளைந்த கட்டைக்கு ஃபோர்கொலா என்று பெயர், வால்நட்டில் செதுக்குவது. அதைச் செய்யும் ஒரு பட்டறைக்குள் எட்டிப்பார்த்தோம். வயதானவர், உள்ளே வரச் சொன்னார். மூலையில் அறுக்காத வால்நட் கட்டை ஒன்று கிடந்தது. என் சட்டைப்பையில் டேப் இருந்தது. சும்மா விடுவேனா? சுற்றளவை நாலாக வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, கன அடி சொன்னேன். அவர் தன் முறையில் மீட்டர் கணக்குப் போட்டார். மகள் போனில் மாற்றிப் பார்த்தால் அவர் கணக்கைவிட என் கணக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. நாங்கள் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இப்படித்தான் அளக்கிறோம், அறுக்கும்போது சக்கையாகப் போவதை முதலிலேயே கழித்துவிடுகிற கணக்கு இது என்று மகளை விட்டு விளக்கச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். இனிமேல் மரம் வாங்கும்போது உங்கள் கணக்கு, துண்டு போட்டு விற்கும்போது என் கணக்கு என்றார்.