அப்பாவின் நாடி

தைப்பூசத்துக்கு மறுநாள், ரோஸ் ஹில் வீட்டு வராந்தாவில் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். மூன்று துடிப்பு ஓடியது, ஒன்று தயங்கியது, பிறகு இரண்டு முண்டியடித்து வந்தன. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார் மருத்துவர். இதயத்தின் மேலறைகள் சேர்ந்து சுருங்காமல் நடுங்குகின்றன. அங்கே தேங்கும் ரத்தம் உறைந்தால் பக்கவாதம் வரலாம். அதற்குத்தான் மாத்திரை.

இரவெல்லாம் படித்தேன். 1981-இல் ஆய்வாளர் லியோன் கிளாஸும் சகாக்களும் கோழிக் கருவின் இதயச் செல்களைச் சீரான இடைவெளியில் மின்சாரத்தால் தூண்டினார்கள். இடைவெளியை மாற்ற மாற்ற, துடிப்பின் தாளம் ஒரு சுற்று முடிந்து திரும்ப எடுக்கும் நேரம் இரட்டிப்பானது; ஒரு கட்டத்தில் ஒழுங்கே குலைந்தது. சீரான தட்டலிலிருந்து இவ்வளவு குழப்பமா! அதுவும் கணித விதிக்குக் கட்டுப்பட்ட குழப்பம். எனக்கு மெய் சிலிர்த்தது.

அப்பாவின் துடிப்பும் அந்த வகைதானா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. காலையில் அவருக்கு இதைச் சொன்னேன். "உறுமி அடிக்கிறவன் கை தப்பினா எனக்கு உடனே தெரியும். இது தெரியலையே" என்றார். மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன்.