அவன் வெள்ளம் கேட்டான்

அம்மாவுக்கு இந்த ஆவணியோடு 72 முடிகிறது. அண்ணனுக்கு 44. ராத்திரி சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்ததும் அம்மா கேட்பது ஒரே கேள்விதான்: "எனக்க காலம் கழிஞ்சா இவன ஆரு பாப்பா மக்களே?" நான் பார்ப்பேன் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பதில் இல்லை என்று இப்போது தெரிகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

அண்ணனுக்கு அறிவுசார் குறைபாடு. மனநோய் வேறு, இது வேறு. ஊரில் நிறைய பேர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். அவனாகவே குளிப்பான், சட்டை மாற்றுவான், ரப்பர் விளையில் சிரட்டைகளில் காய்ந்து ஒட்டிக்கிடக்கும் ஒட்டுபால் உரித்து வாளியில் போடுவான், சாயங்காலம் ஜங்ஷன் கடைக்குப் போய் ஏத்தம்பழ பஜ்ஜி வாங்கி வருவான். மீதிச் சில்லறை எண்ணத் தெரியாது, கடைக்கார மாமா எண்ணிப் பையில் போட்டுவிடுவார். அடுப்பு, மாத்திரை, பணம், இந்த மூன்றுக்கும் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. நான் ஆஸ்பத்திரியில், வீட்டில் அண்ணன் தனியாக. அலைந்து திரிந்து கடைசியில் வேறு மாவட்டத்தில் ஒரு இல்லத்தில் கொண்டுபோய் விட்டோம். சுத்தமான இடம்தான், யாரும் அவன் மேல் கை நீட்டவில்லை. இரண்டு பெரிய ஹாலில் நாற்பது பேருக்கு மேல், ராத்திரிக்கு இரண்டு ஊழியர்கள். ஒன்பதாம் நாள் போன் வந்தது. "உங்க அண்ணன் நடுராத்திரி எழுந்து வெள்ளம் வெள்ளம்னு கத்துறார்மா, எதையோ பார்த்து பயந்துட்டார் போல."

அவனுக்குத் தாகம். கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு பக்கம் நாங்கள் தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வோம். அவர்களோ மழையே இல்லை, பயப்படாதே என்று தட்டிக்கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். துவர்த்து, அதாவது துவட்டத் துண்டு, கேட்டதும் புரியவில்லை, ஈர உடம்போடு வெளியே வந்து நின்றதற்கு 'அடம்' என்று நோட்டில் எழுதியிருந்தார்கள். இரண்டு மாதம் கழித்துக் கூட்டி வந்தபோது அவன் எதையும் வாய்விட்டுக் கேட்பதையே நிறுத்தியிருந்தான். தாகம் எடுத்தால் பானை பக்கத்தில் போய்ச் சும்மா நிற்பான். அந்த ஊழியர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் பேச்சு என்ன, எதற்கு பயப்படுவான், எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பான் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுக்காமல் விட்டுவந்தது நான்தான்.

அப்புறம்தான் விவரங்களைத் தேட ஆரம்பித்தேன். 18 வயது தாண்டிவிட்டால் பெற்றோராகவே இருந்தாலும் சட்டப்படி தானாகக் காப்பாளர் ஆகிவிட முடியாது. தேசிய அறக்கட்டளை என்பது மத்திய அரசின் அமைப்பு, அதற்கான 1999-ஆம் வருடச் சட்டத்தின்படி கலெக்டர் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துத்தான் சட்டப்பூர்வக் காப்பாளர் நியமனம் வாங்க வேண்டும், உடன்பிறந்தவர்களும் விண்ணப்பிக்கலாம். இத்தனை வருடம் எங்களுக்கு இது தெரியாமலே போயிருக்கிறது! அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும், வருடாவருடம் புதுப்பிக்க மறக்கக் கூடாது. 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாழ்நாள் முழுக்கத் தங்கும் இல்லங்களுக்கு கரௌந்தா என்றொரு திட்டமும் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். அது மாத்திரைக்கும் சோப்புக்கும் சரியாகிவிடும், ராத்திரி கூடத் தங்கும் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கப் போதாது.

2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சமூகத்தோடு வாழும் உரிமை பற்றிப் பேசுகிறது. இன்ன இடத்தில்தான் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இவர்களுக்கு இருக்கக் கூடாது, அரசு அதற்கு முயல வேண்டும் என்கிறது. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அதற்கு அர்த்தம் ரொம்ப எளிது. அண்ணன் இருக்கும் வீடு அவன் பேச்சு புரிகிற ஊரில் இருக்க வேண்டும், பஜ்ஜிக் கடைக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும், அஞ்சாறு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அம்மா உயிரோடு இருக்கும்போதே அவன் அங்கே பழகிவிட வேண்டும். அம்மாவும் போய், வீடும் போய், ஊரும் போய், எல்லாம் ஒரே வாரத்தில் நடந்தால் எந்த மனுஷன் தாங்குவான்?

இப்போது அருமனை, குலசேகரம் பக்கம் நாங்கள் நாலு குடும்பம் சேர்ந்திருக்கிறோம். ஒரு வாடகை வீடு, சமைக்க ஒரு அக்கா, ராத்திரிக்கு ஒரு ஆள், பகலில் அவரவர் வழக்கமாகப் போகும் இடம் என்று கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பணம் இன்னும் இடிக்கிறது. பதிவு, அனுமதி எல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளத் திங்கட்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் போகிறோம். அதுவரை ஒருவர் பிள்ளையை இன்னொருவர் வீட்டில் ஒரு ராத்திரி தங்க வைத்துப் பழக்குகிறோம். போன சனிக்கிழமை அண்ணன் முதல்முறையாகத் தங்கினான். காலையில் அந்த வீட்டு அம்மா மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன் குழம்பும் கொடுத்தார்களாம், இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றானாம். அவன் வாய்விட்டுக் கேட்டான் என்றதும் எனக்கு போனிலேயே அழுகை வந்துவிட்டது.

வருகிற சனிக்கிழமை இரண்டு ராத்திரி. அவன் இப்போதே பையைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அம்மாதான் இன்னும் எடுத்துக் கொடுக்கவில்லை.